பனிப் படம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழில் ஊட்டி அருகே தலைகுந்தா புல்வெளி வெள்ளை போர்த்திக் கிடக்கும் படம் தவறாமல் வந்துவிடுகிறது. கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி விளையாடும் சுற்றுலாப் பயணிகள், சுள்ளி மூட்டிக் குளிர்காயும் ஆட்டோ ஓட்டுநர்கள், கீழே ஊட்டியின் குறைந்தபட்ச வெப்பநிலை இத்தனை டிகிரி என்று ஒரு வரி. படம் அழகாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் மகிழ்வதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அதே காலையில் பக்கத்துச் சரிவில் இருந்த தேயிலையும் கேரட் பாத்தியும் என்ன ஆயின என்பது அந்தச் செய்தியில் வருவதே இல்லை. குந்தா பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவன் என்பதால் அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு வறட்சி என்றால் வெயில். எங்களுக்கு அது பனியோடு வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் விலகி, காற்றும் அடங்கிய இரவுகளில்தான் உறைபனி விழும். பகலில் மண் வாங்கிய சூட்டைத் தடுத்து நிறுத்த மேலே மேகமும் இல்லை, காற்றில் ஈரமும் இல்லை. சூடு அப்படியே வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம் என்பதால் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பித்துக்கொள்ள, ஒரு கூப்பிடு தூரத்தில் ஓடையோரம் இருக்கும் தோட்டம் கருகிப்போகும். ஊட்டியின் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு அவலாஞ்சியிலோ எமரால்டிலோ இருக்கும் விவசாயி எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னொன்றும் உண்டு. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், பெட்டிக்குள் இருக்கிறது. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய குளிர் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். செய்தியில் 3 டிகிரி, 4 டிகிரி என்று படிக்கிற நாளிலேயே எங்கள் புல் வெள்ளையாகிவிட்டிருக்கும். பூஜ்ஜியத்துக்குப் போகவில்லையே என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

பனி விழுந்த தேயிலையை வெயில் ஏறிய பிறகு பார்க்க வேண்டும். பறிக்கத் தயாராக இருந்த இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் வெந்நீர் ஊற்றினாற்போலத் துவண்டு கிடக்கும். அடுத்த சில நாட்களில் செம்பழுப்பாகிவிடும். கையில் எடுத்தால் பொடிந்துபோகும். மறுபடி கொழுந்து தளிர்க்க வாரக்கணக்கில் ஆகும். அடி பலமாக இருந்தால் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். நீலகிரியில் 50,000-க்கும் மேற்பட்ட சிறு தேயிலை விவசாயிகள் இருக்கிறோம். பெரும்பாலோரிடம் இருப்பது ஓரிரண்டு ஏக்கர். ஆலைக்குப் பச்சைத் தேயிலை போகவில்லை என்றால் அந்த மாதம் கையில் காசில்லை.

முன்கூட்டித் தெரிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழையால் மூடிவைப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். நாங்களும் புதிதாக நட்ட நாற்றுகளை இப்படித்தான் தழை வெட்டி மூடுகிறோம். காய்கறி போட்டவர்கள் விடியுமுன் தெளிப்பானைத் திறந்துவிட்டு, வெயில் படுவதற்குள் பனியைக் கழுவிவிடுவார்கள். ஆனால் இன்றிரவு விழுமா, நாளை இரவா என்று தெரியாமல் தினமும் தழை சுமக்க யாராலும் முடியாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பனியைக் கழுவத் தண்ணீர் வேண்டிய நேரத்தில்தான் ஓடையும் கிணறும் வற்றத் தொடங்குகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாடே பேசியது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் மாசி, பங்குனியில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. மின்சாரத்துக்கான பெரிய அணைகள் பள்ளத்தில் இருக்கின்றன, பல ஹட்டிகளோ (மலைக் கிராமங்களோ) மேட்டில். சோலைக்காடும் புல்வெளியும் பள்ளத்துச் சதுப்பும்தான் மழைநீரைப் பிடித்துவைத்து வெயில் மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தன. புல்வெளியில் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் வைத்தோம், சதுப்பில் வாய்க்கால் வெட்டி வடியவிட்டுக் காய்கறி போட்டோம். அரசும் செய்தது, விவசாயிகளும் செய்தோம். ஓடை சீக்கிரம் வற்றுகிறது என்றால் அதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பனியில் கருகிய புல் அப்படியே சருகாகி நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பிடித்த காட்டுத்தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. டிசம்பரில் நீங்கள் படம் பிடித்த பனிக்கும் மார்ச்சில் படம் பிடிக்கும் தீக்கும் இடையே இருக்கும் தொடர்பை எழுதினால் வாசகர்களுக்குப் பயன்படும்.

சரி, நான் கேட்பது என்னவென்றால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரிப் பதிப்பில் தினமும் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். ஊட்டியோடு நிறுத்தாமல் குன்னூர், கோத்தகிரி, குந்தா, அவலாஞ்சி என்று கிடைக்கிற இடங்களின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் போடுங்கள். வானம் தெளிவாக இருக்குமா, காற்று அடங்கியிருக்குமா, உறைபனிக்கு வாய்ப்பு உண்டா என்று ஒரு வரி சேருங்கள். வானிலைத் துறை விவசாயிகளுக்காக வாரம் இருமுறை வெளியிடும் அறிக்கைகள் இருக்கின்றன. அவற்றில் எங்கள் மாவட்டத்துக்கு உள்ளதை எளிய தமிழில் தந்தாலே போதும். செல்போனில் எல்லாம் வருகிறதே என்பார்கள். சிக்னல் கிடைக்காத ஹட்டிகளிலும் காலையில் டீக்கடைக்குப் பேப்பர் வந்துவிடுகிறது.

அப்புறம், மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் போடுகிறீர்கள். டெல்டா விவசாயிக்கு அது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். ஊட்டிக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ் வேலி, குன்னூருக்குத் தரும் ரேலியா அணைகளின் நீர்மட்டத்தையும் ஜனவரியிலிருந்து வாரம் ஒருமுறையாவது போட்டால், மே மாத சீசன் கூட்டம் வருமுன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியும், விடுதி நடத்துகிறவர்களுக்கும் தெரியும். நகராட்சியைக் கேள்வி கேட்கவும் ஒரு எண் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
குந்தா வட்டம், நீலகிரி மாவட்டம்.