இடிந்தகரைப் பெண்களின் வழக்குகள்
ஆசிரியருக்கு,

கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்ட வழக்குகள் பற்றிய செய்தியைப் படித்தேன். அணு உலைக்கு அருகிலுள்ள கடலோர ஊரான இடிந்தகரையில் அமைதியாக உண்ணாவிரதம் இருந்த பெண்கள் மீது தேசத் துரோகப் பிரிவைப் பாய்ச்சிய அரசு, வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறு 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகும், அவற்றைத் தவணை முறையில்தான் கைவிட்டது. மீன் விற்றும் பீடி சுற்றியும் பிழைப்பவர்களுக்கு வாய்தாவே தண்டனை. என் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு, மகளைப் பார்க்க வெளிநாடு செல்ல பாஸ்போர்ட் கேட்டபோதுதான் தன் மீதும் வழக்கு இருப்பது தெரிந்தது. ‘மற்றும் பலர்’ என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதிவிட்டால் யாரையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். காவல் துறைக்கு எத்தனை வசதி!

கைவிடப்பட்டவை, நிலுவையில் உள்ளவை என இரு பட்டியல்களையும் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டி, விடுவிக்கப்பட்டவர்களுக்கு எழுத்துப்பூர்வச் சான்றும் மாவட்ட நிர்வாகம் வழங்க வேண்டும்.

- ஒரு வாசகர், திருநெல்வேலி