பட்டையைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

குன்னூரில் எங்கள் வீட்டுப் பின்புறச் சில்வர் ஓக்கில் கல்பாசி சாம்பல் நிறத்தில் அப்பிக் கிடக்கிறது. வண்டிகள் புகை கக்கி முக்கி முக்கி ஏறும் சாலையோர மரத்தில் பட்டை மொட்டை. மரம் என்னவோ பச்சையாகத்தான் நிற்கிறது. இலைக்கு மெழுகுப் பூச்சு உண்டு, இலைத்துளைகளை மூடிக்கொள்ளவும் தெரியும். துளைகளை அகலத் திறந்து வேகமாக வளரும் மெல்லிலைச் செடிகள்தான் புகையில் சீக்கிரம் கருகும்.

கல்பாசி (பிரியாணியில் போடுகிறோமே, அதேதான்) செடியே அல்ல. பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம். மெழுகும் இல்லை, வேரும் இல்லை. பனியையும் மழையையும் புகையோடு சேர்த்து அப்படியே உறிஞ்சிவிடும்; அதனால்தான் புகை மிகுந்த இடத்தில் அது பிழைப்பதில்லை. 1866இலேயே பாரிஸ் பூங்கா மரங்களை வைத்துத் தாவரவியலாளர் நைலாண்டர் இதை எழுதிவிட்டார். சீசனில் வண்டிகளை எண்ணுகிறவர்கள் அப்புறம் மரப்பட்டையையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும்.

வாசகர், குன்னூர்