கர்ப்பிணியின் தட்டிலிருந்து முட்டையை எடுக்க வேண்டாம்: கிராம சுகாதார செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிராம சுகாதார செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

எனக்கு இறால் ஆகாது. ஒரு வாய் உள்ளே போனாலே உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும், மூச்சு இழுக்கும். கடற்கரை ஊரில் பிறந்தவளுக்கு இது பெரிய இழப்புதான், ஆனாலும் பழகிவிட்டது. பழக முடியாதது, நான் உண்டாகியிருந்தபோது கேட்ட பேச்சு. "உனக்கே அலர்ஜி இருக்கு, பிள்ளைக்கும் வந்துடும். முட்டை, மீன், வேர்க்கடலை எதையும் தொடாதே." வீட்டில் சொன்னதை மருத்துவமனையிலும் யாரும் மறுக்கவில்லை. இன்றும் உறவிலும் அக்கம்பக்கத்திலும் இதே பேச்சைக் கேட்கிறேன். டாக்டர் எங்களைப் பார்ப்பது மாதம் ஒருமுறை, சில நிமிடங்கள். வாசல் வரை வந்து, மாமியாரோடும் பேசிவிட்டுப் போவது நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தாயின் ஒவ்வாமை பிள்ளைக்கு அப்படியே இறங்குவதில்லை. எளிதில் ஒவ்வாமைக்கு ஆட்படும் உடல்வாகுதான் இறங்குகிறது. அம்மாவுக்கு இறால் ஆகாது, பிள்ளைக்குக் கரப்பான் என்னும் தோல் அழற்சி வரலாம். அப்பாவுக்கு வீசிங், மகளுக்குப் பசும்பால் ஆகாமல் போகலாம். ஒன்றுமே வராமலும் இருக்கலாம். வேர்க்கடலை ஒவ்வாமையுள்ள இரட்டையர்களைப் பற்றி அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருந்தது சுமார் 64 சதவீதம் பேரிடம். தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரில் சுமார் 7 சதவீதம்தான். பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது சரி. ஆனால் அச்சு அசலாக ஒரே மரபணுவைக் கொண்ட இரட்டையரிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தப்பித்திருக்கிறார்களே!

கர்ப்பிணி பத்தியம் இருந்தால் பிள்ளை தப்பிக்கும் என்று ஒரு காலத்தில் அரசுகளே நம்பின. ஒவ்வாமை உள்ள குடும்பத்துப் பெண்கள் கர்ப்பகாலத்தில் வேர்க்கடலையைத் தவிர்க்கலாம் என்று பிரிட்டன் 1998-இல் அறிவுறுத்தியது. பலன் எதுவும் தெரியாததால் 2009-இல் அதைக் கைவிட்டது. அத்தகைய குடும்பத்துக் குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்று 2000-இல் சொன்ன அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் 2008-இல் பின்வாங்கியது. அவர்கள் கைவிட்டதை நம் வீடுகளில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஏழை வீட்டில் கைக்கெட்டும் புரதம் முட்டை, மத்தி, வேர்க்கடலை. இல்லாத ஆபத்தைச் சொல்லி அதையும் பிடுங்கிவிட்டால் அவள் எதைத்தான் சாப்பிடுவாள்?

பிறந்த பிறகு நடப்பதுதான் இன்னும் முக்கியம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு 4 முதல் 11 மாதத்துக்குள்ளேயே வேர்க்கடலை உணவைத் தொடங்கித் தொடர்ந்து கொடுத்தார்கள். மறு பாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவே இல்லை. தொடக்கத்தில் தோலில் செய்த வேர்க்கடலை ஒவ்வாமைச் சோதனையில் எதுவும் காட்டாத குழந்தைகளில், தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்துக்கு ஒவ்வாமை வந்தது, சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதத்துக்குத்தான். ஆகவே ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்த பிறகு இணை உணவு தொடங்கும்போது, நன்றாக வெந்த முட்டையையும் மைய அரைத்த வேர்க்கடலையையும் ஒரு வயது, இரண்டு வயது என்று தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். முழுக்கடலை மட்டும் கூடவே கூடாது, தொண்டையில் அடைக்கும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தையை முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள்.

கரப்பானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் இதைச் சொல்வதில்லை. ஓர் உணவு வாய் வழியாக வயிற்றுக்குப் போனால் உடல் பெரும்பாலும் அதை ஏற்றுப் பழகிக்கொள்கிறது. அதே உணவு வெடித்த தோல் வழியாக உள்ளே போனால் பகையாக நினைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பை அழற்சியுள்ள தோலில் பூசிய குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை கூடுதலாக இருந்ததை லாக் குழுவே 2003-இல் கண்டது. நம் வீடுகளில் கைக்குழந்தைக்குக் கடலை மாவு, பாலேடு எல்லாம் தேய்த்துத்தான் குளிப்பாட்டுகிறோம். நல்ல தோலுக்கு அதை நான் குறை சொல்ல வரவில்லை. கரப்பானில் வெடித்து நீர் கசியும் தோலில் மட்டும் உணவுப் பொருள் எதையும் தேய்க்க வேண்டாம் என்று குளிப்பாட்டும் பாட்டியிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

தாய்க்கே உண்மையான ஒவ்வாமை இருந்தால் அது வேறு கதை. மருந்து அலர்ஜி உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள், உணவையும் கேளுங்கள். எது ஆகாது, சாப்பிட்டால் என்ன செய்கிறது என்று இரண்டையும் விசாரியுங்கள். பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு, முகம் வீங்கி மூச்சு முட்டுவது வேறு. இரண்டாவது வகை என்றால் தாய் சேய் நல அட்டையின் முகப்பில் சிவப்பு மையில் எழுதிவிட்டு, டாக்டரிடமும் தெரிவியுங்கள். சத்துமாவு கொடுக்கும்போது அதில் கோதுமை இருப்பதைச் சொல்லிக் கொடுங்கள். பாக்கெட் உணவில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா போன்றவை இருந்தால் அதைத் தனியாக அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் சொல்கின்றன. அந்த வரியை வாசிக்கப் பழக்குங்கள். "மாசமா இருக்கும்போது சேரும், கொஞ்சம் சாப்பிட்டுப் பாரு" என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

மூச்சு முட்டும் நிலை வந்துவிட்டால் அவில், செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அப்போது வேண்டியது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. கர்ப்பிணிக்குப் போடலாமா என்று தயங்கி நிற்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. தடுப்பூசி நாளில் உங்கள் கையோடு வரும் அவசரகாலப் பெட்டியில் இருப்பதும் அதே மருந்துதான். வயிறு பெரிதான பெண்ணை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். அடுத்த கர்ப்பிணிகள் கூட்டத்தில் இதைக் கணவர்களையும் மாமியார்களையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான்.

நன்றியுடன்,
இறால் ஆகாத ஒரு தாய்