அந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்க சார்

மதுரை சுத்துவட்டாரத்துல கொய்யா, மாதுளை, நாவல், மான்னு பழமரத்து இலையையும் கொட்டையையும் எடுத்து பாக்டீரியா ஆராய்ச்சி பண்ற நுண்ணுயிரியல் துறை சார், மேடம் எல்லாருக்கும், முக்கியமா நான் படிச்ச துறைக்கு, வணக்கம்.

போன மாசம் எங்க அப்பாவுக்கு வலது கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. என் ப்ராஜெக்ட் பத்திப் பேப்பர்ல வந்ததை நம்பி, சுகர் புண்ணுல கொய்யா இலையை அரைச்சுக் கட்டுனதாலதான். இது நம்ம துறையில எல்லாருக்கும் தெரியும், நானே நேர்ல வந்து சொல்லிட்டுத்தான் போனேன். "வருத்தமாத்தாம்மா இருக்கு, ஆனா பேப்பர்காரங்க அப்படிப் போட்டா நாம என்ன செய்ய முடியும்"னு பதில் வந்துச்சு. அந்தப் பதிலைக் கேட்டுட்டு வந்ததுலருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

பேப்பர்காரங்களுக்கு எழுதிக் குடுத்தது நாமதான சார். எம்.எஸ்சி ப்ராஜெக்டுக்கு எங்க தோட்டத்து லக்னோ 49 கொய்யா மரத்துல இலை பறிச்சு, நிழல்ல உலத்தி, மிக்சியில பொடிச்சு, மெத்தனால் ஊத்தி, சாக்ஸ்லெட்ங்கிற சாறு இறக்குற கருவியில சாறு இறக்குனேன். புண்ணைச் சீழ் பிடிக்க வைக்குற ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவைத் தடவுன தட்டுல குழி போட்டு அந்தச் சாறை விட்டேன், மறுநாள் காலையில பார்த்தா 16 மில்லிமீட்டருக்கு கிருமி வளராத வட்டம். அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பொய் இல்ல, கொய்யா இலையில குவெர்செட்டின், குவாய்ஜாவெரின், டானின்னு கிருமியை அடக்குற சரக்கு நெசமாவே இருக்கு. ஆனா அதே தட்டுல பக்கத்துல வச்ச சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக் மருந்து வில்லைக்கு 26 மில்லிமீட்டர் வந்துச்சு. வில்லையில இருந்தது 5 மைக்ரோகிராம், நான் குழியில விட்ட சாறு 5 மில்லிகிராம், ஆயிரம் மடங்கு ஊத்தியும் வட்டம் சின்னதாத்தான் விழுந்துச்சு, ஈ.கோலிங்கிற இன்னொரு பாக்டீரியா தடவுன தட்டுல வட்டமே இல்ல. இதெல்லாம் என் தீசிஸ்ல இருக்கு. துறையிலருந்து பேப்பருக்குக் குடுத்த செய்திக்குறிப்புல இல்ல. அதுல இருந்தது "ஆறாத புண்ணையும் ஆற்றும் கொய்யா இலை, மாணவி கண்டுபிடிப்பு". அதுல நானும் கையெழுத்துப் போட்டேன், அதை மறைக்கல.

அப்பா பேப்பர்ல வந்த அந்தச் செய்தித் துண்டை லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிவச்சாரு. பன்னெண்டு வருஷமா சுகர் அவருக்கு, பாதத்துல உணர்ச்சி கொறஞ்சு போச்சு, வரப்புல முள்ளு ஏறுனதே தெரியல. புண்ணைப் பார்த்ததும் டாக்டர்கிட்ட போகல, கோயம்புத்தூர்ல லேப்ல வேலை பார்க்குற எங்கிட்டயும் சொல்லல, கொய்யாக் கொழுந்தை அம்மியில அரைச்சு வச்சுக் கட்டிக்கிட்டாரு, பதினோரு நாள். வலி இல்லாததால ஆறுதுன்னே நெனச்சிருக்காரு, நரம்பு செத்தா வலிக்காதுன்னு அவருக்கு யாரு சொன்னா? நாத்தம் தாங்க முடியாம அம்மா போன் போட்ட அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறி வந்தேன். ஆஸ்பத்திரியில கட்டைப் பிரிச்ச டாக்டர் "இதை யாருங்க வைக்கச் சொன்னது"ன்னு கேட்டாரு. அப்பா சொன்னாரு, "எம்மக படிச்சுக் கண்டுபிடிச்சதுய்யா". நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

சார், நான் கேக்குறது ஒரே ஒரு வரி. "இது ஆய்வகத் தட்டுல மட்டும் பார்த்தது, மனுஷங்க மேல சோதிக்கல, புண்ணுல போடாதீங்க." இதைத் தமிழ்ல, செய்திக்குறிப்போட முதல் பத்தியில போடுங்க.

தட்டுல பினாயிலை ஊத்துனாலும் வட்டம் விழும்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான். நான் ஊத்துனது மெத்தனால்ல இறங்குன சாறு, அப்பா வச்சது கழுவாத பச்சை இலை, ரெண்டும் ஒண்ணா? சுகர் புண்ணுல கிருமி படலம் கட்டி உக்காந்திருக்கும், ரத்தமே சரியா வராது, தட்டுல அது எதுவுமே கிடையாது. மருந்தா ஆக்கணும்னா வழி இருக்கு சார், மெக்சிகோவுல கொய்யா இலைச் சாறுல குவெர்செட்டின் இவ்வளவுன்னு அளவு கட்டி, கேப்சூலா ஆக்கி, வயித்துப்போக்கு வந்தவங்களுக்குக் குடுத்துப் பார்த்து 2002ல வெளியிட்டாங்க, வயித்துவலி சீக்கிரம் கொறஞ்சுதுன்னு சொன்னாங்க, அதுக்கு மேல எதுவும் சொல்லல.

இங்க என்ன நடக்குது? ஒரு வருஷம் மாதுளைத் தோலு, அடுத்த வருஷம் அழகர்மலை அடிவாரத்துல பொறுக்குன நாவக்கொட்டை, அதே ரெண்டு பாக்டீரியா, அதே குழி, ஸ்கேல் வச்சு அளந்துட்டா ப்ராஜெக்ட் முடிஞ்சுது. எந்தப் பொருள் கிருமியைக் கொல்லுதுன்னு பிரிச்சுப் பார்க்கக் காசும் இல்ல கருவியும் இல்ல, எவ்வளவு குறைஞ்ச அளவுல கொல்லுதுன்னு எம்.ஐ.சி பார்க்குறதுக்குக்கூட பசங்களுக்கு நேரம் குடுக்குறதில்ல, ஆனா காலேஜைப் பார்வையிடக் கமிட்டி வர்றப்ப ஃபைல்ல வைக்க பேப்பர் துண்டு மட்டும் வேணும். இலை குடுத்த சம்சாரிக்கு முடிவு என்ன ஆச்சுன்னு ஒரு தாள் தமிழ்ல குடுத்திருக்கோமா, அவங்களுக்கு வந்து சேர்றது வாட்ஸப் ஃபார்வர்டுதான், அதைத்தான் நம்பிக் கட்டு கட்டுறாங்க. மன்னிச்சிருங்க சார், கோவத்துல எங்கிட்டோ போயிட்டேன். நீங்க சொல்லிக்குடுத்த படிப்புலதான் இன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பு எரியுது, அந்த மரியாதையில கொறை இல்ல.

அதனால பணிவா மறுபடியும் கேக்குறேன், அந்த ஒரு வரியைச் சேருங்க. எந்தத் துறையா இருந்தாலும் சரி, எந்த இலையா இருந்தாலும் சரி.

அப்பா இப்ப தடி ஊனி தோட்டம் வரைக்கும் போய்ட்டு வர்றாரு. டிசம்பர்ல பசங்க இலைக்கு வருவாங்க, வரட்டும், பறிச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கேன். செவத்துல இருக்குற அந்தத் துண்டை மட்டும் கழட்ட விட மாட்டேங்குறாரு. துறை பேர்ல தமிழ்ல ஒரு திருத்தம் பேப்பருக்குக் குடுங்க சார், அதையும் லேமினேட் பண்ணி அந்த ஆணியிலயே மாட்டிடுறேன்.

இப்படிக்கு,
உங்க பழைய மாணவி,
அலங்காநல்லூர் பக்கம்