பகடை இல்லாத பெட்டி

ஸ்டுட்கார்ட்,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் மனசு நிம்மதியாச்சு. இங்கே பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சு. எனக்கு நைட் ஷிப்ட் போய் டே ஷிப்ட் வந்திருக்கு. அதனால்தான் இப்படி உட்கார்ந்து எழுத முடியுது.

நீ போட்ட கேள்வி மூணு வாரமா என்னைக் குடையுது. மேஜையைச் சுத்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமா மாறிக் கதை ஆடற ஆட்டங்கள்ல முதல் இடம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’க்கு, அதான் நம்ம டி அண்ட் டிக்கு. அது இல்லேன்னா வேற எந்த ஆட்டம் அந்த இடத்தைப் பிடிச்சிருக்கும்? நீ விண்வெளியில நடக்கிற ‘டிராவலர்’னு சொல்றே. எனக்கும் அது உசிருதான். 1977-ல் மார்க் மில்லர் போட்ட அந்த மூணு கறுப்புப் புத்தகத்துல, ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, நாம ஆடப்போற பாத்திரத்தை உருவாக்கும்போதே அவன் செத்துப்போகலாம்ங்கிற துணிச்சல் வேற யாருக்கும் வரலை. ஆனா முதல் நாள் மேஜையைச் சுத்தி உட்கார்ற நாலு பேருக்கு, இப்ப என்ன செய்யணும்னு அது சொல்லலையே! விண்வெளி மொத்தமும் திறந்து கிடந்தா எங்கே போறது? டி அண்ட் டியில வர்ற மாதிரி நிலவறைன்னா ஒரு கதவு இருக்கும். அதைத் திறக்கணும். அது சின்னப் பிள்ளைக்கும் புரியும். டி அண்ட் டி ஜெயிச்சதுல பாதி அந்தக் கதவால்தான்.

என் கணக்குல அந்த இடத்தைப் பிடிச்சிருக்க வேண்டியது ‘டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’. 1974-ல் டி அண்ட் டி வந்தது. அடுத்த வருஷமே அரிசோனாவுல கென் செயின்ட் ஆண்ட்ரே இதை எழுதிட்டார். டி அண்ட் டி விதிகளைப் படிச்சுப் பார்த்தார், ஒரே குழப்பமா இருந்தது, தன் நண்பர்கள் ஆடற மாதிரி தானே ஒண்ணு எழுதினார். நிலவறை இதுலயும் உண்டு. வேண்டியது வீட்ல கிடக்கிற ஆறு பக்கப் பகடை மட்டும்தான். அதுக்கும் அடுத்த வருஷம், 1976-ல், ‘பஃபலோ கேசில்’னு தனி ஆளா உட்கார்ந்து ஆடற புத்தகமும் வந்துடுச்சு. கூட்டம் சேரலேன்னாலும் ஆடலாம். நம்ம மாதிரி ஊருக்கு ஒருத்தனா இருந்தவனுக்கு இதைவிட என்ன வேணும்?

டி அண்ட் டிக்கோ இருபது பக்கம், பன்னிரண்டு பக்கம்னு விதவிதமாப் பகடை வேணும். அந்தக் காலத்துல அது கடையில கிடைக்கிற சாமான் இல்லை. டி அண்ட் டியை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் அதைக் கண்டுபிடிச்சதே பள்ளிக்கூடங்களுக்குக் கணக்குச் சாமான் விற்கிற கேட்டலாக்ல.

இங்கேதான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஹாஸ்டல்ல சீனியர் ஒருத்தர் விட்டுட்டுப் போன சிவப்புப் பெட்டி ஞாபகம் இருக்கா? 1983-ல் வந்த டி அண்ட் டி ஆரம்பப் பெட்டி. நம்ம கைக்கு வந்தப்ப மூலை நாலும் கிழிஞ்சு, பகடை ஒண்ணுகூட இல்லாம இருந்தது. ரெக்கார்ட் நோட்டு அட்டையை வெட்டி, ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் பேனாவுல எழுதி, மெஸ் டம்ளர்ல போட்டுக் குலுக்கி எடுத்தோம். பதினேழாம் நம்பர் சீட்டுல சாம்பார் கறை. கையை விடும்போதே அது தெரியுதுன்னு நீ சண்டை போட்டே. நமக்கு வாய்ச்சது அவ்வளவுதான்னு அப்ப நினைச்சோம். இப்பத்தான் தெரியும்: 1979 வாக்குல பகடைக்குத் தட்டுப்பாடு வந்தப்ப, டி அண்ட் டியை வெளியிட்ட டி.எஸ்.ஆர். கம்பெனியே பெட்டிக்குள்ள பகடைக்குப் பதிலா நம்பர் போட்ட அட்டைச் சீட்டைத்தான் வச்சு வித்திருக்கு! கோப்பையில போட்டு எடுத்துக்கோன்னு. நம்ம டம்ளர் ஆட்டம் அசல் ஆட்டம்தான், மாப்ள. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குக் கண் கலங்கிடுச்சு.

அப்புறம் ஏன் டன்னல்ஸ் ஜெயிக்கலைன்னு கேட்பே. அதை வெளியிட்ட ஃப்ளையிங் பஃபலோ, தபால்ல ஆட்டம் நடத்திட்டிருந்த சின்னக் கம்பெனி. எதிர்ல டி.எஸ்.ஆர். கம்பெனி ஆரம்ப ஆட்டக்காரங்களுக்குன்னே தனிப் பெட்டி போட்டு, பொம்மைக் கடை வரைக்கும் கொண்டுபோயிடுச்சு. 1979-ல் மிச்சிகன்ல ஒரு மாணவர் காணாமப் போனப்ப, டி அண்ட் டியாலதான்னு பத்திரிகைகள் தப்பா எழுதித் தள்ளின. அதுல பேர் தெரியாதவங்களுக்கும் பேர் தெரிஞ்சது, விற்பனை ஏறிடுச்சு. ஒரு பையனோட துயரத்துல விற்பனை ஏறினதை நினைச்சா இப்பவும் மனசு ஒப்பலை.

ஆனா ‘ஆகியிருக்கும்’னு நாம கற்பனை பண்றது சில ஊர்ல நிஜமாவே நடந்திருக்கு. என்கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தர், ஐம்பதைத் தாண்டினவர், போன மாசம் பரண்லேர்ந்து பெட்டி எடுத்துக் காட்டினார். ‘டஸ் ஷ்வார்ட்ஸ அவுகே’, அதாவது கறுப்புக் கண். ஜெர்மன்காரங்களோட சொந்த ஆட்டம். கூட இருந்த துணைப் பெட்டியில ஒரு முகமூடி! ஆட்டம் நடத்தறவர் மாட்டிக்கணுமாம். ரப்பர் பட்டை இத்துப்போய்த் தொட்டதும் அறுந்துடுச்சு. அவர் அதை முகத்துல வச்சுப் பிடிச்சுக்கிட்டே, கரகரன்னு குரலை மாத்திப் பேசினார். டி அண்ட் டியை அவர் ஆடினதே இல்லை. இதை வெளியிட்ட ஷ்மிட் கம்பெனிக்கு டி அண்ட் டி உரிமை படியலை, அதனால உல்ரிஷ் கீசோவை வச்சு 1984-ல் சொந்தமா ஒண்ணு எழுத வச்சாங்க. அதுக்கு முந்தின வருஷம் இந்த கீசோ ஆளுங்க ஜெர்மன்ல கொண்டுவந்தது எது தெரியுமா? நம்ம டன்னல்ஸ்தான்.

ஜப்பான்ல 1989-ல் ‘சோர்ட் வேர்ல்ட்’னு அவங்க சொந்த ஆட்டம் வந்தது. கையடக்கப் புத்தகம், சாதாரணப் பகடை ரெண்டு, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைங்க புத்தகக் கடையில வாங்கிட்டுப் போயிடலாம். நான் டன்னல்ஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது இதை வச்சுத்தான். விதி நல்லா இருக்கா இல்லையாங்கிறது அப்புறம். காசும் சாமானும் இல்லாத பையன் இன்னிக்கு சாயங்காலமே ஆடலாமா? அதுதான் எனக்குக் கேள்வி. சுவீடன்ல, ‘ரூன்க்வெஸ்ட்’ங்கிற இன்னொரு அமெரிக்க ஆட்டத்தோட வழி வந்த ஆட்டம் ஒண்ணு இதே மாதிரி வேர் பிடிச்சிருக்கு. அதைப் பத்தி அடுத்த தடவை எழுதறேன், இப்பவே பக்கம் நீளுது.

சிவப்புப் பெட்டியோட முதல் கதையில நம்மகூடத் துணைக்கு வர்ற அலீனா செத்தப்ப, நீ ராத்திரி மெஸ்ஸுக்கே வரலை. போன வாரம் அதைப் பெரியவளுக்குத் தமிழ்ல சொன்னேன். ‘அவளைக் காப்பாத்தவே முடியாதாப்பா?’ன்னு கேட்டுட்டு, ரொம்ப நேரம் பேசவே இல்லை.

நாம வரைஞ்ச நிலவறை வரைபடம், அந்தப் பச்சை அட்டை கிராஃப் நோட்டு, உன்கிட்டதான் இருக்கணும். கடைசி அறைக்குள்ள நாம போகவே இல்லை, செமஸ்டர் வந்துடுச்சு. அட்டைப் பெட்டியெல்லாம் ஒரு தடவை தேடிப் பாரு. கிடைச்சா அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, அவ ஆடணும்ங்கிறா.

உன் பழைய ரூம்மேட்