மணலைப் பற்றிப் பேசுவதும் கோயில் வேலைதான்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரிக் கடற்கரையில் மணல் எடுக்கும் திட்டம் பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையில், பாதிரியார்கள் பூசையை விட்டுவிட்டு மணல் விவகாரத்தில் ஏன் தலையிடுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

கிள்ளியூர் வட்டத்துக் கடற்கரையில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். என் அப்பா வலை வாங்க வியாபாரியிடம் கடன்பட்டவர். கடன் தீரும்வரை வியாபாரி சொன்ன விலைக்கு அவரிடமேதான் மீனைக் கொடுக்க வேண்டும். கடனும் தீராது. அந்தக் கட்டை அவிழ்த்தது கோட்டாறு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் முயற்சியில் உருவான மீனவர் சங்கங்கள். ஒட்டுப்பலகை வள்ளம் கட்டும் வேலையும் முட்டத்தில் மறைமாவட்டத்தின் படகுக் கூடத்தில் நடந்தது. அப்போதெல்லாம் பூசையை விட்டுவிட்டு என்று யாரும் கேட்கவில்லையே ஐயா.

அப்புறம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. கடலில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று முதல் சில நாட்கள் அதிகாரிகள் சொன்ன கணக்கைத்தான் பத்திரிகைகள் போட்டன. எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. ஆளின் பெயர், படகு எண், கூடப் போனவர்கள், கடைசியாக வீட்டுக்குப் பேசிய நேரம். என் நாத்தனார் மகன் பெயரும் அதில் உண்டு. அவன் திரும்பி வரவில்லை. ஊர் ஊராகப் பங்குகள் எழுதிய அந்தக் கணக்குகள் இல்லையென்றால் எங்கள் ஆட்களைத் தேடச் சொல்லிக் கேட்கக்கூட முடிந்திருக்காது.

எங்கள் வட்டத்தில் 1144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கத் திட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் கதிர்வீச்சு தரும் தோரியம் இருப்பதும் தெரியும். கரையில் மணல் இருக்கும்வரைதான் கடலுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு காவல் இருக்கிறது. ஆனி, ஆடியில் அலை வாசல்படிக்கு வரும்போது பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நாங்கள். திட்ட அறிக்கையை எங்களில் பலரால் படிக்க முடியாது. திருப்பலி முடிந்த பிறகு அன்பியம் என்ற எங்கள் பங்குக் குழுவின் பிள்ளைகள் பக்கம் பக்கமாக வாசித்து விளக்கினார்கள். இதற்கா தலையிடுவது என்று பெயர்? பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்துக் கேளுங்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இலேயே எழுதிவிட்டார்.

பங்குத்தந்தையர் மீது எங்களுக்கும் குறை உண்டு. ஒருவர் ஊர்ப் பிரச்சினையைப் புரிந்துகொண்டு இறங்கும் நேரத்தில் மாற்றல் வந்துவிடுகிறது. வருகிறவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதை நாங்கள் ஆயரிடம் கேட்டுக்கொள்கிறோம். கடலரிப்பு பற்றி நான் உங்களுக்கு எழுதிய கடிதங்கள் ஒன்றும் வெளியானதில்லை. அமைச்சர் வந்து பார்த்த அன்று மட்டும் படத்தோடு செய்தி வந்தது. அதுவும் மனதில்தான் கிடக்கிறது.

சரி, நான் கேட்பது ஒன்றுதான். 2024 அக்டோபர் 1-இல் இந்தத் திட்டம் பற்றி நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மறுபடி நாள் குறித்தால், தேதி, இடம், நேரம், பாதிக்கப்படும் ஊர்களின் பெயர் எல்லாவற்றையும் மாவட்டப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒரு வாரமாவது முன்னதாகப் போடுங்கள். கடலுக்குப் போனவர்கள் கரை திரும்ப நாள் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிள்ளியூர் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்