ஆண்டறிக்கை: சுஜாதாவை மட்டும் படித்த வருடம்

எல்லோருக்கும் வணக்கம். நம் வாசகர் வட்டத்தின் செயலாளராக இந்த வருடத்து அறிக்கையை வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் விவரமாகச் சொல்வார், நான் ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன்: சந்தா வந்துவிட்டது, கடன் இல்லை, செலவெல்லாம் டீக்கும் ஜெராக்ஸுக்கும்தான். கூட்டம் 12 நடந்திருக்க வேண்டும், 11 நடந்தது. நவம்பரில் மழை விடவில்லை.

போன பொதுக்குழுவில், மாதம் ஒரு எழுத்தாளர் என்று தாவித் தாவிப் படித்தது போதும், ஒரே ஆளை வருடம் முழுக்கப் படிப்போம் என்று முடிவு செய்தோம். சுஜாதா, அதிலும் அறிவியல் கதைகள். "அதெல்லாம் காலேஜிலேயே படிச்சாச்சே" என்று முனகியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது நான் படித்தது கதை தெரிந்துகொள்ளத்தான் என்பது, இந்த வருடம் நிதானமாக உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது.

'என் இனிய இயந்திரா'வில் தொடங்கினோம். நம் உறுப்பினர் ஒருவர், அவருடைய அம்மா எண்பதுகளில் ஆனந்த விகடனிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த தொடரைக் கொண்டுவந்தார். காக்கி அட்டை, தடித்த நூலால் தைத்த முதுகு, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அம்மா பென்சிலால் போட்ட எண், அத்தியாயத்தின் பின்பக்கத்தில் பாதியில் வெட்டுப்பட்ட விளம்பரங்கள். கடைசி இரண்டு வாரம் மட்டும் இல்லை. அந்த அம்மா இப்போது இல்லை, அந்த இரண்டு வாரம் ஏன் சேரவில்லை என்று கேட்கவும் முடியாது. அந்தப் பிரதியைக் கையில் எடுத்ததும், தொடராக வந்ததைத் தொடராகவே படிக்கலாம் என்று தோன்றிவிட்டது. வாரத்துக்கு இவ்வளவு அத்தியாயம், முந்திக்கொண்டு படிக்கக் கூடாது. இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்தது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று கவனிக்க ஆரம்பித்தோம், அதுவே ஒரு தனிப் பாடம்.

கதை நடப்பது 2021இல். அவருக்கு அது முப்பது வருடத்துக்கும் மேல் தள்ளியிருந்த எதிர்காலம், நமக்கோ லாக்டவுனில் கடந்துபோன வருடம். அதனால் முதல் இரண்டு கூட்டங்களும் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று டிக் அடிப்பதிலேயே போயின. என் கருத்தில் அது வீண். மூன்றாவது கூட்டத்தில்தான், ஒரு கல்லூரி மாணவி, "பிள்ளை பெற அனுமதி, வயசானவங்க உயிருக்குக் கெடு, இரண்டெழுத்துல பேரு, இதெல்லாம் மெஷின் செய்யலையே, மெஷினை வச்சிருக்கிறவன்தானே செய்றான்" என்று கேட்டார். அதற்கப்புறம் வருடம் முழுக்க எங்கள் பேச்சு அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

யோசித்துப் பாருங்கள், ஜீவா என்று நாடே கும்பிடும் தலைவர் கடைசியில் வெறும் ஹாலோகிராம், ஒளியால் உண்டாக்கிய முப்பரிமாண பிம்பம். புத்தகம் படிக்கிற, கேள்வி கேட்கிற, கதாநாயகி நிலாவுக்காகக் கவலைப்படுகிற ஜீனோவோ ஒரு இயந்திர நாய். இதை எழுதியவர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பெரிய பங்கு வகித்த பொறியாளர். அந்த இயந்திரம் முதன்முதலில் 1982இல் கேரளத்துப் பரவூரில் பயன்பட்டது. இயந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த மனிதர் என்பதால்தான் அவருக்கு இயந்திரத்தின் மேல் பயமில்லை, அதற்குப் பின்னால் நிற்பவர்கள் மேல்தான் சந்தேகம். 'சொர்க்கத் தீவு' படித்தபோதும் இதே சந்தேகம் அங்கே இருந்தது.

'கொலையுதிர் காலம்' அறிவியல் கதையில் சேருமா என்று ஒரு கூட்டம் முழுக்க வாதம். சுஜாதாவின் வக்கீல் ஜோடியில் பேய் என்கிறான் வசந்த், ஹாலோகிராம் என்று விளக்கம் தேடுகிறான் கணேஷ், எழுத்தாளர் இரண்டு கதவையும் திறந்தே வைத்துவிட்டுப் போகிறார். சேரும் என்பது என் கட்சி. தனியாகப் படித்திருந்தால் தெரிந்திருக்காது, அடுத்தடுத்துப் படித்ததால்தான் ஒரே ஹாலோகிராம் இங்கே பேயாகவும் அங்கே சர்வாதிகாரியாகவும் வருவது கண்ணில் பட்டது.

'ஆ..!' நாவலை வாய்விட்டுப் படித்தோம். ஒவ்வொரு அத்தியாயமும் 'ஆ' என்றுதான் முடியும். அதை எல்லோரும் சேர்ந்து சொல்ல, நூலகர் பதறிப்போய் மாடிக்கு ஓடிவந்துவிட்டார். அவரும் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தைக் கேட்டுவிட்டுத்தான் கீழே போனார். சிறுகதைகளில் 'திமலா'வை இரண்டு முறை படித்தோம். திருமலை என்ற பெயரே தேய்ந்து திமலா ஆகியிருக்கிறது, அந்த ஒரு சொல்லிலேயே எத்தனை காலம் ஓடிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்.

குறையும் பதிவாக வேண்டும். பெண்களை அறிமுகப்படுத்தும்போது முதலில் உடம்பைப் பார்க்கும் பழக்கம் அவரிடம் உண்டு. பெண் உறுப்பினர்கள் பலமுறை சொன்னோம், மறுத்தவர்கள் குறைவு. ஒன்றும் தெரியாதவளாகத் தொடங்கும் நிலா வளர்கிற விதத்தை அதற்குப் பதிலாக வைத்தார்கள். எனக்கு அது பாதிப் பதில்தான். இருந்தாலும் நிலாவை எனக்குப் பிடிக்கும்.

கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், விட்டுப்போனவர் யாரும் இல்லை. மாடியைக் கொடுத்த நூலகருக்கும், அம்மாவின் தொகுப்பை நம்பிக் கொடுத்த உறுப்பினருக்கும் வட்டத்தின் நன்றி. விட்டுப்போன இரண்டு வாரத்தைப் புத்தகத்திலிருந்து நம் தபால்துறை ஐயா கையால் எழுதிக் கொடுத்தார், பழைய பக்க அளவிலேயே, பென்சில் எண்ணைத் தொடர்ந்து. அதையும் சேர்த்து மறுபடி தைக்கக் கொடுத்திருக்கிறோம், அந்தச் செலவு வட்டத்தின் கணக்கில்.

அடுத்த வருடம் யாரைப் படிப்பது என்பதை இன்றே பேசி முடித்துவிடலாம். நூலகத்து 'மீண்டும் ஜீனோ' யாரிடம் இருக்கிறதோ, ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள், கீழே இன்னொருவர் கேட்டுக் காத்திருக்கிறார்.